மாத்த வேணாம், குறைங்க!

'சுகர் ஃப்ரீ'ன்னு எழுதியிருந்தாலே ஆரோக்கியம்னு நம்புற கூட்டம் நம்ம கேம்பஸிலும் உண்டு. சர்க்கரைக்குப் பதிலா வெல்லம், தேன், இல்லைன்னா செயற்கை இனிப்பு. பேர்தான் மாறுது, நாக்கு கேட்கிற இனிப்பின் அளவு மாறுறதில்லை. வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது.

அதனால் என் கட்சி இதுதான்: இனிப்பையே குறைக்கணும். அதைச் சீன இனிப்புகளிடம் கத்துக்கலாம். ஒரு பண்டத்தைச் சாப்பிட்டுவிட்டு 'ரொம்பத் தித்திப்பா இல்லை' என்று சொன்னால் சீனர்களிடம் அது பாராட்டு!

அங்கே மட்டும் எப்படி முடியுது? மைசூர்பாக்கில் பாகுதான் அஸ்திவாரம். சர்க்கரையைப் பாதியாக்கினால் பாக்கே நிக்காது. ஆனால் சீனர்களின் பாதாம் ஜெல்லியை உறைய வைப்பது கடற்பாசி, அதாவது நம்ம கடையில் கிடைக்கிற சைனா கிராஸ். சர்க்கரையே போடாவிட்டாலும் அது உறையும். வெயில் காலத்தில் அவர்கள் குடிக்கும் பாசிப்பயறு சூப்பிலும் சர்க்கரைக்கு ருசியைத் தவிர வேற வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தில் குறைக்கிறது சுலபம்.

செஞ்சு பாருங்க. 100 கிராம் முழுப் பாசிப்பயறை இரண்டு மணி நேரம் ஊறவையுங்க. ஒரு லிட்டர் தண்ணீரில், பயறு வெடிக்கும் வரை வேகட்டும். 20 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். நாலு டம்ளர் வரும், டம்ளருக்கு 5 கிராம் சர்க்கரை. 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் இருக்கு. ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். ஐஸ் மட்டும் போடாதீங்க, ஜில்லென்று இருந்தால் இனிப்பு குறைவாகத் தெரியும், கை தானா சர்க்கரை டப்பாவுக்குப் போகும்.

'நம்ம பாயசத்திலேயே குறைச்சா என்ன?' என்று கேட்கலாம். தாராளமா குறைக்கலாம். ஆனா வெல்லம் குறைஞ்ச பாயசத்தை 'சப்புன்னு இருக்கே'ன்னு ஒதுக்கிடுவாங்க, ஏன்னா பழைய ருசி நாக்கில் பதிஞ்சிருக்கு. புதுப் பண்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கிடையாது.

முதல் தடவை 20 கிராம், அடுத்த தடவை 15. நாக்கு பழகின பிறகு பாயசத்துக்கு வருவோம்.