ஸ்கார்பரோவில் உழைப்பாளி, கீழ்ப்புத்துப்பட்டில் சோம்பேறி

கிளியனூர் டீக்கடையில் மாதத்துக்கு ஒரு முறையாவது இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும். "சிலோன்காரன் கனடா போனான். வீடு வாங்கினான், கடை போட்டான், புள்ளைய டாக்டர் ஆக்கினான். இங்க வந்தவன் நாப்பது வருஷமா கேம்ப்லயே கெடக்கறான். கவர்மெண்டு குடுக்கறத வாங்கித் தின்னுட்டுப் படுத்திருந்தா எங்கேருந்து முன்னேறுவான்?" சொல்பவர் கெட்டவர் இல்லை. 2009இல் ஈழப் போரின்போது உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்தவர்தான். ஈழத்துக்காக அழத் தெரிந்தவருக்கு, எங்கள் ஊருக்குக் கிழக்கே கடற்கரைச் சாலையோரம் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இருக்கும் ஈழத்தமிழரைப் பற்றி இதுதான் அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயம் உலகம் முழுக்க இருக்கிறது. உழைக்கிற ஜாதி எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும், பிழைக்கத் தெரியாதது எங்கே போனாலும் பிச்சை எடுக்கும் என்பதுதான் அதன் சாரம். ரத்தத்தில் இருக்கிறதாம். பிரிட்டனில் இதைப் பாகிஸ்தானியரைக் காட்டிச் சொல்வார்கள். அமெரிக்காவில் இந்தியரைக் காட்டித் தலைகீழாகச் சொல்வார்கள். நம் ஆட்களுக்கு அந்த இரண்டாவது வகை ரொம்பப் பிடிக்கும், வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு தடவை வரும்.

போன தை மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் அந்த முகாமைச் சேர்ந்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். 1990இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து தாயின் மடியில் உட்கார்ந்து படகில் வந்தவர். எங்கள் பக்கத்தில் உப்புக்காற்று. சுவர் பூத்துப் பூத்து உதிரும். உப்புத்தாளால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பட்டி வைக்க வேண்டும். பலர் மேலோடு தேய்த்துவிட்டு ரோலரை ஓட்டிவிடுவார்கள், அடுத்த மழைக்கே பெயர்ந்துவிடும். இவர் ஒரு சுவரைத் தேய்க்க ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டார். புருவமெல்லாம் வெள்ளை. காலை எட்டு மணிக்குச் சாரத்தில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். முகாம் ஆண்களில் பெரும்பாலோருக்கு ஏன் பெயிண்ட் வேலை என்று கேட்டேன். "வேற எதுக்குண்ணே சர்ட்டிபிகேட் கேக்க மாட்டான்?" என்றார்.

மதியம் அவருக்கு வீடியோ அழைப்பு வந்தது. எங்களிடம் 'பேசுறேன்' என்கிறவர் அதில் 'கதைக்கிறன்' என்றார். மறுமுனையில் அவர் சித்தப்பா, கனடாவில் ஸ்கார்பரோவிலிருந்து. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே பள்ளியில் படித்தவர்கள். குடும்பத்தில் ஒருவரை அனுப்பத்தான் ஏஜெண்டுக்குக் கொடுக்கக் காசு இருந்தது. தம்பி விமானம் ஏறினார். அண்ணன் குடும்பத்தோடு படகு ஏறினார். இன்றைக்குத் தம்பிக்குச் சொந்த வீடு. அண்ணன் மகன் என் வீட்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இதில் ரத்தம் எங்கே மாறியது?

மாறியது காகிதம். கனடாவில் 1985இல் சிங் வழக்கு என்று ஒன்று. அகதி என்று சொல்லிக்கொண்டு வருகிறவரை நேரில் உட்காரவைத்து விசாரிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறு ஆண்டு ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். வேலை செய்ய அனுமதியோடு அவர்களுக்கு அரசு தற்காலிகச் சீட்டுக் கொடுத்தது. அப்படி அந்த நாட்டுக்குப் போனவர்கள் முதலில் செய்ததெல்லாம் உணவகச் சமையல்கட்டில் கோப்பை கழுவுவதும், ஆலையில் இரவு ஷிப்டும்தான். ஆனால் கோப்பை கழுவிய காசைப் போட்டுவைக்க வங்கிக் கணக்கு இருந்தது, சில ஆண்டுகளில் நிரந்தரக் குடியிருப்பு, பிறகு குடியுரிமை, வீட்டுக்கு அடமானக் கடன். 1983இல் சிறுவனாக அங்கே போய்ச் சேர்ந்த கேரி ஆனந்தசங்கரி 2015இல் ஸ்கார்பரோவிலிருந்து நாடாளுமன்றம் போனார். 2025இல் அந்நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார்.

இங்கே என்ன நடந்தது? 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் நம் சட்டத்தில் அகதி என்று ஒருவர் கிடையாது. வெளிநாட்டவர் உண்டு, 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' உண்டு. 1983க்குப் பிறகு வந்த சுமார் 3 லட்சம் பேரில் பலர் திரும்பிப் போனார்கள், வேறு நாடு போனார்கள். 2021இல் அரசு கணக்குச் சொன்னபோது முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். 2003இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழியை அடைத்தது. 2004 டிசம்பர் 3ஆம் தேதியிலிருந்து, பெற்றோரில் ஒருவர் அந்த வகையில் சேர்ந்தாலே, இங்கே பிறக்கும் குழந்தையும் குடிமகன் இல்லை. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குக் கதவைத் திறந்தபோது இலங்கையை விட்டுவிட்டது.

காகிதம் இல்லை என்றால் நடைமுறையில் என்ன என்று கொஞ்சம் கேளுங்கள். இலங்கைக் குடிமகன் என்று கருதப்படுகிறவர் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது. நிலம் இல்லாவிட்டால் அடமானம் வைக்க எதுவும் இல்லை. அரசு வேலைக்கு மனுப் போட முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது, ஆகவே சித்தப்பா கூப்பிட்டாலும் லேசில் போக முடியாது. மாதத்தில் குறித்த நாளில் அதிகாரி 'செக்கிங்' வரும்போது முகாமில் ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் போய்விடுமோ என்ற பயம். பெங்களூரில் மூன்று மாதக் கட்டட வேலை வந்தால் என்ன செய்வார்? நம்மவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். அவர் தேதியை எண்ணிப் பார்ப்பார்.

அந்த 'ஓசிப் பணம்' எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன், டீக்கடையில் யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. 2021இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறு பிள்ளைக்கு 500. புருஷன், பெண்சாதி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் 3,500. நாளுக்கு நூற்றுச் சொச்சம். இதை நம்பி எவன் படுத்துக்கொள்வான்? என் வீட்டுச் சாரத்தில் நின்றவர் படுத்துக்கொள்ளவில்லை.

கிளியனூர்க்காரர்கள் இப்படிப் பேசுவதில்தான் எனக்கு ஆத்திரம். காகிதத்தின் மகிமை தமிழ்நாட்டிலேயே வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஒரு கோடுதான். இன்றைக்கு அது சாராயப் பாட்டில் பிடிக்கிற சோதனைச் சாவடி. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், இந்தப் பக்கம் வெள்ளைக்காரனின் தென்னாற்காடு ஜில்லா. பிரெஞ்சுப் பகுதியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, அங்கே பிறந்து வாழ்ந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று அதற்குள் எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர். கொடுக்காதவர் இந்தியர். ஒரே தெரு, ஒரே கோயில் திருவிழா. ஒரு வீட்டுப் பேரன் பாரீசில் வேலை பார்க்கிறான், அடுத்த வீட்டுப் பேரன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். 'சொல்தா' வீடு என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வரும் வீடு என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளைக்கு என்ன விலை என்று கல்யாணத் தரகரைக் கேட்டால் சொல்வார். சொல்தா வீட்டுக்காரர் ரத்தத்திலேயே உழைப்பாளி என்று இந்தப் பக்கம் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. "அவங்களுக்குப் பேப்பர் இருக்கு" என்பார்கள், பெருமூச்சோடு. அதே வாய் கீழ்ப்புத்துப்பட்டைப் பார்த்ததும் ரத்தத்துக்குத் தாவிவிடுகிறது.

உப்பளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மரக்காணத்தில் சித்திரை வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாருகிறவரைவிட உழைக்கிறவர் யார்? கால் வெடித்து ரத்தம் கசியும். குத்தகை யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீடு மாடியாகிறது, வாருகிறவர் மழைக்காலத்துக்கு அரசாங்க நிவாரணத்தை எதிர்பார்க்கிறார். இதைப் பரம்பரை பரம்பரையாகப் பார்த்த ஊர் இது.

வெளியூர்க் கதை ஒன்றையும் பார்த்துவிடலாம். திண்டிவனம் பக்கம் இப்போது மால்டா வேலை என்று பேச்சு அடிபடுகிறது. எங்கள் தெருப் பையன் ஒருவன் அங்கே சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்து ஸ்கூட்டர் ஓட்டுகிறான். மத்தியதரைக் கடலில் கடுகத்தனை தீவு அது. 1964வரை வெள்ளைக்காரனின் காலனி. ஆள் ஏற்றுமதி செய்து பிழைத்த ஊர். 1916இல் 214 மால்டாக்காரர்கள் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அவர்களை இறங்கவிடக் கூடாது என்று அதிகாரிகள் எழுத்துத் தேர்வு வைத்தார்கள், அதுவும் டச்சு மொழியில். ஒருவரும் தேறவில்லை, நியூ கலிடோனியாவுக்குக் கப்பலைத் திருப்பினார்கள். 1948இல் அதே ஆஸ்திரேலியா மால்டாவோடு ஒப்பந்தம் போட்டுக் கப்பல் கூலியில் ஒரு பங்கு கொடுத்து ஆட்களைக் கூப்பிட்டது. வந்தவர்கள் மெல்போர்ன் ஆலைகளில் வேலை செய்து வீடு கட்டினார்கள். அந்த 32 வருஷத்தில் மால்டாக்காரனின் ரத்தம் சுத்திகரிக்கப்பட்டதா? 1950களின் லண்டன் பத்திரிகைகளுக்கு மால்டாக்காரன் என்றாலே சோஹோ சந்துகளின் மாமா. இன்றைக்கு அப்படி ஒரு பேச்சு இருந்ததே யாருக்கும் ஞாபகம் இல்லை.

பாகிஸ்தானியர் கதை இதற்கு மறுபக்கம். ஜீலம் நதியில் மங்களா அணை கட்டியதில் மீர்பூர்ப் பக்கத்தில் லட்சம் பேருக்கு மேல் வீடு வாசல் இழந்தார்கள். அவர்களில் பலர் 1960களில் பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகளுக்குப் போனார்கள்; வெள்ளையர் தொட விரும்பாத இரவு ஷிப்டுக்குத்தான் இவர்களை எடுத்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த ஆலைகள் மூடப்பட்டன. ஆலைக்காக வந்தவன் ஆலை போன ஊரில் நின்றான். பிரிட்டனின் ஏழைச் சமூகங்களில் பாகிஸ்தானியர் சமூகம் இன்றும் ஒன்று. அமெரிக்கா போன பாகிஸ்தானியர்? 1965இன் சட்டம் படித்தவர்களைப் பொறுக்கி எடுத்தது, டாக்டர்கள் நிறையப் போனார்கள், அங்கே அவர்கள் குடும்ப வருமானம் நாட்டுச் சராசரிக்கு மேலே. ஒரே மதம், ஒரே நாடு. பாகிஸ்தானியர் பிரிட்டனில் ஏழையாக இருப்பதற்கு மதம் காரணம் என்று சொல்கிறவர் அமெரிக்காவில் அந்த மதம் எங்கே போனது என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க இந்தியரைக் காட்டி மார்தட்டுகிறவருக்கும் இதே கேள்விதான். வடிகட்டி எடுத்த டிகாஷனைக் காட்டி காப்பி விளைகிற மலை முழுக்க இப்படித்தான் மணக்கும் என்று சொல்லக் கூடாது.

ஒரு ஆட்சேபம் நியாயமானது, அதை மறைக்க மாட்டேன். கனடா போனவர்கள் ஓரளவு வசதி உள்ளவர்கள், ஏஜெண்டுக்குக் கொடுக்க நிலமோ நகையோ இருந்தவர்கள். இங்கே மண்டபம் கரையில் வந்து இறங்கியவர்களில் மீனவர்கள், கூலிக்காரர்கள், மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு ஏற்கெனவே ஒரு தடவை துரத்தப்பட்டவர்கள் அதிகம். ஆகவே இரண்டும் ஒரே தராசு இல்லை என்பார்கள். உண்மை. அதைத்தானே நானும் சொல்கிறேன்? புறப்படும்போது கையில் என்ன இருந்தது, போன இடத்தில் வாசலில் என்ன கொடுத்தார்கள் என்ற இரண்டையும் கேட்ட பிறகு, சோம்பலைப் பற்றிப் பேச மிச்சம் என்ன இருக்கிறது? நானும் ஒரு காலத்தில் டீக்கடைக் கட்சிதான். சாரத்தின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து நான்கு நாள் பார்த்ததில் வெட்கமாகிவிட்டது.

எதுவும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021இல் தமிழக அரசு முகாமின் பெயரிலிருந்த 'அகதி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மறுவாழ்வு முகாம்' ஆக்கியது. பழைய வீடுகளுக்குப் பதில் 7,469 புது வீடுகள் கட்டத் திட்டம் போட்டது. நல்லது. ஆனால் வீடு மாநிலம் கொடுக்கலாம், குடியுரிமை மத்திய அரசுதான் கொடுக்க வேண்டும். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்ற சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய்ப் பாஸ்போர்ட் வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 38 வயதில் முதல் ஓட்டு. சட்டப்படி உரிமை இருந்தவருக்கே இந்தப் பாடு. என் வீட்டுப் பெயிண்டரின் மகள் 2006இல் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள், அவளுக்கு அந்த வழியும் இல்லை.

டீக்கடை நண்பருக்கு ஒரு பந்தயம். முகாம்களில் இருக்கும் அத்தனை பேருக்கும், இங்கே பிறந்த பிள்ளைகள் உட்பட, விரும்பினால் குடியுரிமை என்று தில்லி ஒரு உத்தரவு போடட்டும். கனடா கொடுத்ததற்கு மேல் ஒரு பைசா வேண்டாம். அதற்குப் பிறகு இருபது வருஷம் பொறுத்துப் பார்ப்போம். அப்போதும் அவர்கள் முகாமிலேயே படுத்துக் கிடந்தால், நான் உயிரோடு இருந்தால், இதே கடைக்கு வந்து இந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டீக்காசும் என்னுடையது.