பிணங்களின் கதையல்ல

'த வோக்கிங் டெட்' கொமிக்ஸ் வாசிக்கிறேன் என்றதும் இலக்கிய நண்பர்கள் முகஞ்சுளிக்கிறார்கள். பிணம் மனிதனைத் தின்னும் கதையில் என்ன இருக்கிறதாம்? வாசியாமலே தீர்ப்பு வழங்கும் இப்பழக்கத்தை நான் ஆட்சேபிக்கிறேன்.

ரொபர்ட் கேர்க்மன் எழுதிய இந்த அமெரிக்கத் தொடர் 2003 முதல் 2019 வரை 193 இதழ்களாக வெளிவந்தது. வெறும் பயங்காட்டிப் பதினாறு வருடங்கள் வாசகரைக் கட்டிவைக்க முடியுமா? ஸொம்பிப் படம் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். தப்பியவர்கள் மறுநாள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டவர் கேர்க்மன். கொலைகாரனை யார் தண்டிப்பது? கதைநாயகன் ரிக் ஒரு பொலிஸ்காரன். சிறைச்சாலையொன்றில் தஞ்சமடைந்த தன் கூட்டத்துக்கு, கொன்றவன் சாகவேண்டும் என்று சட்டம் வகுக்கிறான். பின்னர், பிணங்களோடு பொருதும் அமளியில் தானே ஒருவனைச் சுட்டுக் கொல்கிறான். என்னைத் தொடர்ந்து வாசிக்கவைத்தது இந்த இடந்தான், பிணங்களல்ல.

நூறாவது இதழில் கிளென் அடித்துக் கொல்லப்படும் கோரத்தை நான் நியாயப்படுத்தமாட்டேன். அது மிகை. ஆனால் இறுதி இதழைப் பாருங்கள். உலகம் அமைதியடைந்துவிட்டது, நடமாடும் பிணங்களை ஒருவன் ஊரூராகக் காட்டிப் பிழைக்கிறான். அவற்றைக் கொன்றதற்காக ரிக்கின் மகன் கார்ல் நீதிமன்றத்தில் நிற்கிறான். பிணம் வேடிக்கைப் பொருளாகலாமா என்று கதையே கேட்கிறது. நமது விமர்சகர்கள் அதே கேள்வியைத் தம் கண்டுபிடிப்புப்போல் நம்மிடம் கொண்டுவருகிறார்கள். கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டு வரட்டும், பிறகு பேசுவோம்.