எல்லை கடந்தால் வாக்குரிமை இழப்பதா?

வாக்குரிமை என்பது அரசு மனமிரங்கி அளிக்கும் கொடையன்று, குடிமகனின் உடைமை. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 119ஆம் விதி, தொகுதியில் வசிப்போர்க்கு மட்டுமன்றி, 'வராத வாக்காளர்' என்னும் வகையினர்க்கும் இடமளித்துள்ளது. ஆயினும் அவ்வகையுள் எவரைச் சேர்ப்பது என்பதைத் தேர்தல் விதிமுறைகளே வரையறுத்து வந்துள்ளன. கதவு அரசியலமைப்பில், தாழ்ப்பாளோ விதிமுறையில்!

நெடுங்காலமாகப் படைவீரர், வெளிநாட்டிலுள்ள அரசு ஊழியர், அங்குப் பயிலும் முழுநேர மாணவர், இவர்தம் துணைவர் முதலியோர்க்கே அவ்வாய்ப்புக் கிட்டியது. நாட்டைக் காக்கும் வீரனுக்கு வழி செய்தது முற்றிலும் முறையே. 2013 முதல் படையினரும் காவல் துறையினரும் தேர்தல் நாளுக்கு முன்னரே வாக்களிக்கும் ஏற்பாடும் வந்தது. எல்லையில் நிற்பவனுக்கு வழி காண முடிந்தவர்களுக்கு, எல்லை கடந்து உழைப்பவனுக்கு வழி காண ஏன் இத்தனை தயக்கம்?

அதே 2013இல் வெளிநாடுவாழ் மலேசியர் பிறர்க்கும் அஞ்சல் வாக்கு அளிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுள் முப்பது நாளேனும் தாயகத்தில் தங்கியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் சிங்கப்பூர், புருணை, தென் தாய்லாந்து, கலிமந்தான் ஆகிய இடங்களில் வாழ்வோர் விலக்கப்பட்டனர். 2018, 2022 பொதுத்தேர்தல்களிலும் அந்நிலையே நீடித்தது. இலண்டனில் இருப்பவனுக்கு அஞ்சல் வாக்கு. ஜொகூர் நீரிணைக்கு அப்பால் இருப்பவனுக்கு இல்லை! இஃது எவ்வகை நீதி?

"அண்மையில் இருப்போர் ஊர் வந்து வாக்களிக்கலாமே" என்பர் சிலர். 2018 மே 9 புதன்கிழமை. மலேசியாவில் பொது விடுமுறை விடப்பட்டது. சிங்கப்பூரிலோ அது வேலை நாள். விடுப்பு மறுக்கப்பட்ட தொழிலாளி என் செய்வான்? ஒரு நாள் ஊதியத்தை இழந்தே அவன் தன் உரிமையை ஆள வேண்டுமா? தொலைவைக் கிலோமீட்டரால் மட்டும் அளப்பவர்க்கு அவன் இடர் விளங்காது.

இனி, அஞ்சல் வாக்குப் பெற்றோர் நிலையும் மகிழ்தற்குரியதன்று. 2018இல் வேட்புமனு நாளுக்கும் வாக்களிப்பு நாளுக்கும் இடையே பதினொரு நாளே இருந்தது. அதற்குள் வாக்குச்சீட்டு கடல் கடந்து சென்று, தேர்தல் நாள் மாலை 5 மணிக்குள் திரும்பி வந்து சேர வேண்டும். காலந்தாழ்ந்து சீட்டுப் பெற்றோர், தாயகம் திரும்பும் முன்பின் அறியாத பயணிகளிடம் விமான நிலையங்களில் அவற்றை ஒப்படைத்தனர். மக்களின் நாட்டுப்பற்றுக்கு அது பெருமை, நிருவாகத்திற்கோ பெருங்குறை.

சிங்கப்பூர் 2023இல் சட்டந்திருத்தி, அவ்வாண்டு அதிபர் தேர்தலிலேயே வெளிநாடுவாழ் குடிமக்களுக்கு அஞ்சல் வாக்கை நடைமுறைப்படுத்தியது. வாக்களிப்பு நாளுக்கு முன் அஞ்சலில் சேர்த்த வாக்கு, அந்நாளுக்குப் பின் பத்து நாளுக்குள் வந்தடைந்தாலும் எண்ணப்படும். அண்டை நாட்டார்க்கு இயன்றது நமக்கு இயலாதா?

ஆகவே, வாழும் நாடு எதுவாயினும் எல்லாக் குடிமக்களுக்கும் அஞ்சல் வாக்கு உறுதி செய்யப்பெறல் வேண்டும். சீட்டு சென்று திரும்பப் போதிய நாள் ஒதுக்குதல் வேண்டும். உரிய காலத்தில் அஞ்சலில் சேர்த்த வாக்கிற்குச் சில நாள் அவகாசம் தருதல் வேண்டும். வாக்களிப்பது கடமை என வகுப்பறையில் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். கடமையை வலியுறுத்தும் நாடு, அதனை ஆற்றும் வழியையும் திறந்து வைத்தலே அறமாகும்.