ஆணி அறியாக் கலம்

"ஆணியே அடிக்காமல் கப்பல் கட்டினால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடாதா, ஐயா?" பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட வினா இது. புகும் என்பதே நேர்மையான விடை. கயிற்றால் தைக்கப்பட்ட கலத்தில் நீர் கசியும். மாலுமிகள் அதனை இறைத்துக்கொண்டேதான் செல்வர். மரம் நீரில் ஊறிப் பருத்தபின் பலகைகளின் இடைவெளி குறையும், கசிவும் தணியும். இவ்வாறு கசிந்துகொண்டே இந்தியப் பெருங்கடலைக் கடந்த கலங்கள் பல நூற்றாண்டுகள் வணிகம் நடத்தின.

2023ஆம் ஆண்டு நடுவணரசின் பண்பாட்டு அமைச்சகமும் இந்தியக் கடற்படையும் கோவாவில் படகு கட்டும் நிறுவனம் ஒன்றும் இணைந்து, அத்தகைய கலமொன்றை மீளக் கட்ட முனைந்தன. அஜந்தாக் குகையோவியத்தில் காணப்படும் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலே அதற்கு முன்மாதிரி. தச்சர் பாபு சங்கரன் தலைமையில் கேரளக் கைவினைஞர்கள் தென்னங்கயிறு, தேங்காய் நார், இயற்கைப் பிசின் ஆகியவற்றைக்கொண்டு பலகைகளை இணைத்தனர். 2025 பிப்ரவரியில் நீரில் இறக்கப்பட்ட அக்கலம், மே மாதம் கார்வாரில் 'கௌண்டின்யா' என்னும் பெயரோடு கடற்படையில் சேர்க்கப்பட்டது. டிசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து பாய் விரித்துப் புறப்பட்டு, அடுத்த மாதம் ஓமன் நாட்டின் மஸ்கட்டை அடைந்தது. பொறி இல்லை, காற்றே துணை.

இச்செய்தி வந்தபோது ஆசிரியர் அறையில் இருவகைக் குரல்கள் எழுந்தன. எஃகுக் கப்பல்கள் உலவும் காலத்தில் கயிற்றுக் கப்பலுக்கு ஏன் இவ்வளவு செலவு என்றார் ஒருவர். நம் முன்னோரின் மேன்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்றார் மற்றொருவர். இருவர் கூற்றும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாமவர் கூற்றையே கூடுதலாக மறுக்கின்றேன்.

அஜந்தா கடலுக்குத் தொலைவிலுள்ள மலைப்பகுதி. அங்கு வரைந்தவர் ஓவியர், தச்சர் அல்லர். அவர் காட்டியது கப்பலின் ஒரு பக்கத்தை மட்டுமே. நீருக்கடியில் அதன் வடிவம் யாது, பலகையின் கனம் யாது, பாய்மரம் எங்ஙனம் ஊன்றப்பட்டது என்பனவற்றைச் சுவர் சொல்லவில்லை. அக்காலக் கட்டுமான வரைபடம் எதுவும் நம்மிடம் இல்லை. ஆகவே வடிவம் ஊகிக்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடல்சார் பொறியியல் துறை, நீரில் அதன் போக்கினை மாதிரிவழி ஆய்ந்தது. பாய்மரத்தின் வலிமையைக் கடற்படையினர் கணக்கிட்டனர். இத்தனைக்கும் பிறகு நாம் சொல்லக்கூடியது, 'இவ்வாறு இருந்திருக்கக்கூடும். இவ்வாறு இருந்திருந்தால் மிதந்திருக்கும்' என்பது மட்டுமே. 'இவ்வாறே இருந்தது' என்று மேடையில் முழங்குவோர், கட்டியவர்களின் அடக்கத்தை மதிக்காதவர் ஆவர்.

அப்படியானால் கட்டுவதன் பயன் என்ன? கட்டினாலன்றி எழாத வினாக்கள் உள. தையல் கலத்தில், இக்காலப் படகுகளைப்போல் முதலில் விலாச்சட்டங்களை நிறுத்திப் பின் பலகை அறைவதில்லை. பலகைகளை ஒன்றோடொன்று தைத்து மேலோட்டினை முதலில் உருவாக்குவர். சட்டங்கள் பின்னரே உள்ளே பொருத்தப்படும். பலகையின் விளிம்பையொட்டி வரிசையாகத் துளைகள் இடவேண்டும். துளை விளிம்பிற்கு மிக அருகில் அமைந்தால் மரம் பிளக்கும். விலகினால் தையல் இறுகாது. இணைப்பின்மேல் தேங்காய் நாரைத் திணித்து, அதன்மீது கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கயிற்றை இழுத்து நிறுத்துமிடம் எது? அதனை எந்த ஏட்டிலும் எழுதிவைக்க இயலாது. தைப்பவரின் தோளும் உள்ளங்கையும் அறியும்.

ஆணியின்மையை இரும்பறியா மக்களின் இயலாமை என்று கருதுவது பிழை. போஜர் பெயரால் வழங்கும் வடமொழி நூலொன்று, கடலிலுள்ள காந்தப் பாறைகள் இழுக்கும் ஆதலால் கப்பலுக்கு இரும்பு ஆகாது என்கிறது. அது கதை. உண்மைக் காரணத்தைச் சென்னைக் கடற்கரை கண்டிருக்கிறது. துறைமுகம் எழுவதற்கு முன்னர்க் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் அலைகடந்து கரைசேர்த்தன. அவை கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை அறைந்து மணலில் மோதும்போது தையல் நெகிழ்ந்து கொடுத்தது. இறுக்கமாகக் கட்டப்பட்ட ஐரோப்பியப் படகுகள் அங்கே உடைந்தன. மார்க்கோ போலோ ஓர்மூசில் இத்தகைய கலங்களைக் கண்டு இகழ்ந்து எழுதினார். அவர் கண்ட குறைகள் பொய்யல்ல. மசூலாப் படகின் நிறையும் பொய்யன்று.

என் கவலை வேறிடத்தில் உள்ளது. 1980இல் அயர்லாந்து நாட்டில் வாழ்ந்த டிம் செவரின் என்பவர், அராபியத் தையல் கலத்தைப் பின்பற்றி 'சோகார்' என்னும் கப்பலை ஓமனில் கட்டினார். மறு ஆண்டு அது சீனத்தின் காண்டன் நகரை அடைந்தது. தைப்பதற்கு அவர் லட்சத்தீவிலிருந்து ஆட்களை அழைத்துச்செல்ல நேர்ந்தது. இந்தோனேசியாவின் பெலிட்டுங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கலத்தை ஒட்டி, 'மஸ்கட்டின் மணி' எனப் பொருள்படும் பெயருடன் மற்றொன்று கட்டப்பட்டு, 2010இல் சிங்கப்பூர் சென்றது. அதிலும் கேரளத்தார் கைகள் இருந்தன. மூன்றாவது முறையும் நாம் தேடிச்சென்றது அதே மேற்குக் கரையைத்தான். ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளில் மூன்று பெருங்கலங்கள். தைத்தவர்களோ ஒரு சிறு வட்டத்தினர். அவ்வட்டம் சுருங்கினால் நான்காவது கலத்தை யார் தைப்பார்?

கலம் கட்டி முடிந்ததும் பணி முடிந்ததாக எண்ணுகிறோம். பிரான்சில் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துக் கட்டப்பட்ட 'எர்மியோன்' என்னும் போர்க்கப்பலின் மீளுருவம், 2015இல் அமெரிக்கா சென்று திரும்பியது. சில ஆண்டுகளிலேயே அதன் மரங்களைப் பூஞ்சை தின்றது கண்டறியப்பட்டது. மரக்கலம் ஓயாது பேணப்படவேண்டிய பொருள்; தையல் கலத்திற்கு அது இன்னும் பொருந்தும். கௌண்டின்யாவின் அருகிலேயே ஒரு தையற்கூடம் அமையவேண்டும். பழைய தையலைப் பிரித்துப் புதிதாகத் தைக்கும் ஒவ்வொரு முறையும் இளைஞர் சிலர் ஊதியம் பெற்றுக்கொண்டு கற்கவேண்டும் என்பது என் கருத்து. கப்பலுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கினைக் கைகளுக்கும் ஒதுக்குவது பெருஞ்செலவாகாது.

பாடநூல் எழுதும் எங்களுக்கும் இதில் குற்றமுண்டு. நாவாய், வங்கம், அம்பி, தோணி என்று கலத்தின் பெயர்களை வரிசைப்படுத்திப் பொருள் கேட்டோம். கட்டியவரைப் பற்றி ஒரு வினாவும் வைத்தோமில்லை.

அந்த மாணவியின் வினாவிற்குப் பிறகு, இரு பலகைத் துண்டுகளையும் ஒரு சுருள் தென்னங்கயிற்றையும் வகுப்பிற்குக் கொண்டுசென்றேன். துளையிடுவதற்கே இரண்டு பாடவேளைகள் ஆயின. தைத்து முடித்து நீர்த்தொட்டியில் வைத்தோம். ஒழுகியது. நான்காம் துளைக்கும் ஐந்தாம் துளைக்கும் இடையே கயிறு தளர்ந்திருப்பதாக அவள் சொல்கிறாள்; துளையே கோணல் என்கிறான் அருகிலிருப்பவன். வரும் வெள்ளிக்கிழமை பிரித்துத் தைக்க இருக்கிறோம்.