தட்டிப் பார்த்தால் தெரியாது

விபத்துச் செய்தி எழுதும் நம் நாளிதழ்களிடம் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கிறது: ‘கார் அப்பளம்போல் நொறுங்கியது.’ உள்ளே இருந்தவர் பிழைத்தாரா, எந்த இருக்கையில் இருந்தார், பெல்ட் போட்டிருந்தாரா என்பதெல்லாம் கடைசிப் பத்தியில் வரலாம், வராமலும் போகலாம். அப்பளம் மட்டும் முதல் பத்தியில் வந்துவிடும். இதைப் படித்தே வளர்ந்த நாம் கார் வாங்கப் போனால் என்ன செய்வோம்? பானட்டை விரலால் தட்டிப் பார்ப்போம். கதவைச் சாத்திக் காது கொடுப்போம். ‘டப்’ என்று கனமாக விழுந்தால் உறுதியான வண்டி, ‘டங்’ என்றால் தகர டப்பா. பதினைந்து லட்சம் ரூபாய் விவகாரம் இந்தத் தட்டலில் தீர்ந்துபோகிறது.

கல்லங்குறிச்சியில் இந்த நம்பிக்கைக்கு வலு இன்னும் கூடுதல். வெளியூர்க்காரர்களுக்கு அது கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். அங்கேயே இருப்பவர்களுக்கோ சுண்ணாம்புக்கல் சுரங்கமும், கல் ஏற்றிக்கொண்டு போகும் டாரஸ் லாரிகளும் அன்றாடம். அரசு சிமென்ட் ஆலையில் தொடங்கி டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று அரியலூரைச் சுற்றி வரிசையாக ஆலைகள். அத்தனைக்கும் கல் போக வேண்டும், அத்தனையிலிருந்தும் மூட்டை வெளியேற வேண்டும். அந்தச் சாலையில் எதிரே டிப்பர் வரும்போது சின்ன வண்டிக்காரன் வயிற்றில் புளி கரைவது இயல்புதான். ஆகவே, “இந்த ரோட்டுக்கு மெலிசான வண்டி சரிப்படாது மாமா, வெயிட்டானதா பாருங்க” என்று மருமகன் சொன்னால் மாமா தலையாட்டிவிடுகிறார். பயம் நியாயமானது. அந்தப் பயத்திலிருந்து பிறக்கும் முடிவுதான் தப்பு.

பழைய சின்னக் காரை விற்றுவிட்டு பெட்ரோல் செடான் வாங்க நினைக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கடைசியில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன: ஹோண்டா சிட்டி, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ். முன்னதில் 1.5 லிட்டர், 121 குதிரைத்திறன். பின்னதின் சிறிய எஞ்சின் 1 லிட்டர் டர்போ, 115 குதிரைத்திறன். ஓட்டுவதில் இரண்டுக்கும் தனித்தனி ருசி உண்டு, அதை அவரவர் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சிட்டி 1,100 கிலோவுக்குச் சற்று மேல். விர்டஸ் ரகத்தைப் பொறுத்து 1,200 கிலோவைத் தாண்டும். நூறு, மிஞ்சினால் நூற்றைம்பது கிலோ வித்தியாசம். ‘ஜெர்மன் இரும்பு, ஜப்பான் தகரம்’ என்று டீக்கடையில் நடக்கும் பட்டிமன்றம் முழுவதும் இந்த நூற்றைம்பது கிலோவின் மேல்தான் நிற்கிறது.

அந்த நூற்றைம்பது கிலோவை லாரிக்கு எதிரில் நிறுத்திப் பார்ப்போம். பத்துச் சக்கர டிப்பர் ஒன்று சரக்கோடு சட்டப்படியே 28 டன் வரை இருக்கலாம். (சட்டத்துக்கு மேல் ஏற்றும் கதையை இங்கே எடுக்க வேண்டாம்.) டிப்பர் 40 கி.மீ. வேகத்தில் வருகிறது, நம் கார் 60ல் போகிறது, நேருக்கு நேர் மோதி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நகர்கின்றன. பதினோராம் வகுப்பு இயற்பியல் போதும். கண் இமைக்கும் நேரத்தில் காரின் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் உள்ளே இருப்பவர் உடம்பில் இறங்கும் அடி. 1,110 கிலோ காருக்கு அது மணிக்கு 96.2 கி.மீ. 1,250 கிலோ காருக்கு 95.7 கி.மீ. கூடுதல் எடைக்கு லாரி தந்த தள்ளுபடி அரைக் கிலோமீட்டர் வேகம். டிப்பர் காலியாக, 12 டன்னில் வந்தாலும் வித்தியாசம் ஒரு கிலோமீட்டரைத் தொடவில்லை.

அதே காரில் மோதுவதற்கு முன் பிரேக்கை மிதித்து 60ஐ 40 ஆக்கியிருந்தால்? எதிரெதிர் வேகம் நூறிலிருந்து எண்பதுக்கு இறங்குகிறது. நூற்றைம்பது கிலோ இரும்பு செய்யாத வேலையை நல்ல டயரும் நல்ல பிரேக்கும் விழித்திருக்கும் கண்ணும் நாற்பது மடங்காகச் செய்கின்றன. தேய்ந்த டயரோடு இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிற அதே ஆள்தான் தகரத்தின் தடிமனைப் பற்றி வகுப்பெடுக்கிறார்.

எடை எங்குமே பயன்படாது என்று நான் சொல்ல வரவில்லை. காரும் காரும் மோதினால் கனமான காரில் இருப்பவருக்கு அடி குறைவு, இலேசான காரில் இருப்பவருக்கு அதிகம். 900 கிலோவுக்கும் 1,800 கிலோவுக்கும் இடையில் அந்த வித்தியாசம் பெரியது. ஆனால் மாமா தேர்ந்தெடுப்பது இரண்டு நடுத்தர செடான்களுக்கு இடையில். பயப்படுவதோ டாரஸுக்கு.

சரி, தட்டிப் பார்க்கும் அந்தத் தகரத்துக்கு வருவோம். பானட்டும் கதவின் வெளித்தோலும் எந்தக் காரிலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தகடுதான். மோதலைத் தாங்குவது அவற்றின் வேலையே அல்ல. தாங்க வேண்டியவை உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன: முன்னிரண்டு நீளக் கம்பங்கள், கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூண், காலடித் தளம். அந்தத் தூணுக்குப் பயன்படும், சூட்டில் அழுத்தி உருவாக்கிய எஃகு சாதாரண எஃகைவிடப் பல மடங்கு வலியது. வலிமை கூடியதால் அதைக் குறைந்த எடையிலேயே அடிக்க முடிகிறது. கதவின் ‘டப்’ ஓசையோ ரப்பர் பட்டையும் பூட்டும் உள்ளே ஒட்டிய அதிர்வுத் தாளும் சேர்ந்து தருவது. நல்ல ஓசைக்கென்றே கம்பெனிகளில் பொறியாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் காதுக்காகவே செய்த ஓசையை நம் காதே சான்றாக எடுத்துக்கொள்கிறது!

நொறுங்கினால் மோசமான வண்டி என்ற எண்ணத்தைக் காலாவதியாக்கியவர் பேலா பாரெனி. மெர்சிடிஸ் கம்பெனிப் பொறியாளர். முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கி அடியை விழுங்க வேண்டும், நடுவில் ஆள் இருக்கும் கூடு மட்டும் அசையக்கூடாது என்ற யோசனைக்கு 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கினார். 1959ல் அப்படி ஒரு காரே சாலைக்கு வந்தது. ஐம்பது வருஷம் கழித்து, 2009ல், அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 1959ஆம் வருஷத்து செவர்லே பெல் ஏரையும் 2009ஆம் வருஷத்து செவர்லே மாலிபூவையும் மோதவிட்டது. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. பெல் ஏர் நம் அம்பாசடர் காலத்து இரும்பு. அதன் கூடு ஓட்டுநர் பொம்மையின் மேலேயே மடிந்தது. மாலிபூவின் முகம் சிதறியது, ஆனால் உள்ளே இருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயம் அளவுக்குத்தான். நம் நிருபர் அங்கே இருந்திருந்தால் மாலிபூவைத்தான் அப்பளம் என்று எழுதியிருப்பார்.

உள்ளூர்க் கணக்கும் இருக்கிறது. 2023ல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் விர்டஸும் அதன் உடன்பிறப்பான ஸ்கோடா ஸ்லாவியாவும் ஐந்து நட்சத்திரம் வாங்கின. கூடு உறுதியானது என்ற குறிப்போடு. அதே வருஷம் ஹூண்டாய் வெர்னாவும் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, ஆனால் கூடு உறுதியற்றது என்று அறிக்கை சொன்னது. அடுத்த வருஷம் ‘மாருதின்னாலே தகரம்’ என்ற வசையைக் காலமெல்லாம் சுமந்த மாருதியின் புது டிசையர், பெட்ரோலில் ஆயிரம் கிலோவைக்கூட எட்டாத வண்டி, உறுதியான கூடு என்ற பெயரோடு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. விரலுக்கு இதில் எது தெரியும்?

நட்சத்திரத்தையும் சாமியாக்க வேண்டாம். 64 கி.மீ. வேகத்தில், நசுங்கக்கூடிய ஒரு தடுப்பின் மேல், காரின் முகத்தில் நாற்பது சதவீதம் படும்படி மோதும் சோதனை அது. தன்னைப் போன்ற இன்னொரு கார் எதிரே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏறக்குறைய விடை சொல்லும். திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர்ப் பக்கம் விடியற்காலை விளக்கில்லாமல் ஓரங்கட்டி நிற்கும் லாரியின் பின்னால் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சொல்லாது. அங்கே பாரெனியின் கம்பங்கள் லாரியின் அடியில் காற்றில் போய்விடுகின்றன. லாரியின் உடம்பு முதலில் தொடுவது கண்ணாடியை. பின்புறத் தடுப்புக் கம்பி ஒழுங்காக இருந்தால் கார் உள்ளே புகாது. அதைப் பார்க்க வேண்டியது லாரிக்காரரும் போக்குவரத்து அதிகாரியும். நம் கையில் இருப்பது முகப்பு விளக்கும் வேகமும்தான்.

இங்கேதான் டீக்கடைப் பட்டிமன்றம் தலைகீழாகிறது. கேமரா முன்னால் பார்த்து, ஆள் தூங்கினாலும் தானே பிரேக் போடும் வசதி 2023 முதல் பெட்ரோல் சிட்டியின் மேல்ரகங்களில் வருகிறது. மோதிய பின் காப்பதில் விர்டஸின் கூட்டுக்கு அச்சிட்ட சான்று இருக்கிறது. மோதாமல் தப்பிப்பதில் ‘ஜப்பான் தகரம்’ ஒரு படி முன்னே. அந்தக் கேமராவையும் நம்பி உட்கார முடியாது. கோடே போடாத, சுண்ணாம்புத் தூசி படிந்த சாலையில் கோட்டைப் பிடித்து ஓட்டும் வசதிக்கு என்ன வேலை? குறுக்கே பைக் புகும்போதெல்லாம் எச்சரிக்கை ஒலி பொறுக்காமல் அதை அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. நான்குவழிச் சாலையில் அடிக்கடி ஓட்டுகிறவருக்கு நான் சிட்டியைச் சொல்வேன். அரியலூர், செந்துறை, ஜெயங்கொண்டம் என்றே சுற்றுகிறவருக்கு விர்டஸ். எடை இந்த முடிவில் எங்குமே வரவில்லை.

எல்லாவற்றையும்விட இந்த நம்பிக்கை செய்யும் பெரிய கெடுதல் வேறு. கனமான வண்டியில் ஏறியாயிற்று, இனி பெல்ட் எதற்கு என்ற மனசைத் தருகிறது. 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே விபத்தில் சிக்கிய மெர்சிடிஸ் வண்டி, நாம் பேசும் செடான்களைவிடப் பல நூறு கிலோ கனமானது. முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னால் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் ஜஹாங்கீர் பண்டோலும் இறந்தார்கள். பின்னிருக்கையில் பெல்ட் போடவில்லை என்று காவல்துறை சொன்னது. அந்த ஒரே வருஷத்தில் பெல்ட் போடாமல் இந்தியாவில் இறந்தவர்கள் 16,715 பேர் என்பது மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. பாதிப்பேர் ஓட்டுநர்கள், பாதிப்பேர் பயணிகள். பெல்ட் போடாவிட்டால் வண்டி எழுப்பும் ‘பீப்’ சத்தத்தை ஏமாற்றவே ஒரு கிளிப் விற்றார்கள். 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு அதை எடுக்கவைத்தது.

நம் ஊரில் கிளிப்கூட வேண்டியதில்லை. சீட் கவர் கடை போதும். ஷோரூமிலிருந்து எடுத்த அன்றே வண்டி நேராக அங்கே போகிறது. தோல்மாதிரி உறையை இழுத்துத் தைக்கும்போது பின்னிருக்கை பக்கிள்கள் மூன்றும் உறைக்கு அடியில் புதைந்துபோகின்றன. முன்னிருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அதன் வாயும் தைக்கப்படுகிறது. கூடவே முன்னால் ஒரு இரும்பு பம்பர் கார்டு, ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று. நசுங்க வேண்டிய இடத்தை நசுங்கவிடாமல் செய்வதும், ஏர்பேக் விரிய வேண்டிய கணக்கைக் குழப்புவதும் அதன் வேலை. மத்திய அரசு 2017லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்ட சாமான் அது. பிறகு மாலை போட்டு, எலுமிச்சை நசுக்கி, பாட்டி மடியில் பேரனோடு பின்னால் ஏறுகிறார். பெல்ட் எங்கே என்று அவருக்கும் தெரியாது, தைத்தவருக்கும் அக்கறை இல்லை.

டிப்பருக்குப் பயந்து கூடுதலாக ஒரு லட்சம் கொடுக்கத் தயாராக இருக்கும் மாமாவுக்கு ஒரு யோசனை. பானட்டைத் தட்டுவதை விட்டுவிட்டுப் பின்னிருக்கையில் உட்காருங்கள். நடு இருக்கைக்குத் தோளோடு வரும் பெல்ட் இருக்கிறதா, அத்தை தானாகவே அதை மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். சீட் கவர்காரர் கத்தரியை எடுக்கும்போது பக்கத்திலேயே நின்று பக்கிளுக்கு ஓட்டை போடச் சொல்லுங்கள். போடமாட்டேன் என்றால் கவரே வேண்டாம்.