பழைய கேமராவுக்குப் புதிய கேமரா: இலாபம் யாருக்கு?



பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் கேமரா நிறுவனங்களின் விளம்பரங்கள் கைபேசித் திரையை நிறைத்துவிடுகின்றன. உங்கள் பழைய கேமராவைக் கொண்டு வாருங்கள், அது எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும் சரி, அதற்குரிய மதிப்போடு கூடுதலாகச் சில ஆயிரங்களை ‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’ என்று புதிய கேமராவின் விலையில் கழித்துக்கொள்கிறோம் என்பதுதான் அவற்றின் சாரம். திருமணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞர்கள் நம் சமுதாயத்தில் இன்று கணிசமாக இருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து வாப்பா வாங்கி வந்த கேமராவை அலமாரியில் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. இவ்விரு சாராரும் கேட்கும் கேள்விகள் இரண்டு: இது கூடுமா? இதனால் இலாபம் உண்டா?

கூடும் என்பதும், பெரும்பாலோருக்கு இலாபம் இல்லை என்பதும் என் கருத்து. இலாபமில்லை என்பதற்கான காரணத்தை எந்தத் தொழில்நுட்ப இதழையும் புரட்டாமல் ஹதீஸ் நூல்களிலேயே கண்டுகொள்ளலாம். (புகைப்படம் எடுப்பது பற்றி அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு தனி விவாதம், அதற்குள் இங்கே நுழையவில்லை.)

கைபரின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டிருந்த ஒருவர் ‘ஜனீப்’ எனப்படும் உயர்ரகப் பேரீச்சம்பழங்களை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. கைபரின் பழங்கள் எல்லாமே இப்படித்தானா என்று அவர்கள் வினவினார்கள். இல்லை, மட்டமான பழத்தில் இரண்டு ஸாவு கொடுத்து இதில் ஒரு ஸாவு பெறுகிறோம் என்று அவர் விடையளித்தார். அப்படிச் செய்யலாகாது; மட்டமானதை முதலில் திர்ஹத்துக்கு விற்றுவிட்டு, அந்தத் திர்ஹத்தைக் கொண்டு நல்லதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நபியவர்கள் திருத்தினார்கள்.

தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு ஆகிய ஆறு பொருள்களைப் பற்றிய சட்டத்தில் இது அடங்கும். ஓரினப் பொருளை ஓரினப் பொருளுக்குக் கூடுதல் குறைவாக மாற்றினால் அங்கே வட்டி புகுந்துவிடுகிறது. கேமரா இந்த வகையைச் சேர்ந்ததன்று. ஆகவே பழைய கேமராவோடு ரொக்கமும் சேர்த்துக் கொடுத்துப் புதியதை வாங்குவதில் அந்தத் தடை இல்லை. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் நகைக்கடையில் பழைய வளையலைக் கொடுத்து, எடை வித்தியாசத்துக்கும் செய்கூலிக்கும் பணம் கட்டிப் புதிய வளையல் எடுக்கும் பழக்கத்தைக் கைபர்ச் செய்தி நேரடியாகவே தொடுகிறது. கேமராவைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேட்பவர்கள் தங்கத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை என்பதுதான் வியப்பு.

இன்னொரு ஐயமும் எழுப்பப்படுகிறது. ஒரு வியாபாரத்துக்குள் இரண்டு வியாபாரங்களைச் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக வரும் செய்திக்கு இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று, எனக்கு நீ இன்னதை விற்றால்தான் உனக்கு நான் இன்னதை விற்பேன் என்று நிபந்தனை போடுவதைக் குறிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களில் இந்த ஐயம் எழுவது இயல்பே. பழைய பொருளும் இன்ன தொகையும் சேர்ந்ததே புதிய பொருளின் விலை என்று ஒரே ஒப்பந்தமாக, தெளிவான தொகையோடு முடித்தால், அங்கே விற்பனை ஒன்றுதான். அப்படியும் மனம் அமைதி அடையாதவர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும்.

இனி இலாபத்துக்கு வருவோம். மட்டமானதை விற்றுவிட்டுப் பிறகு நல்லதை வாங்கு என்ற வழிகாட்டுதலைச் சட்டமாக மட்டும் பார்க்காமல், சந்தையில் நிற்கும் ஒரு மனிதனுக்குச் சொல்லப்பட்ட யோசனையாகவும் பாருங்கள். பொருளைப் பொருளோடு மாற்றும்போது இரண்டின் விலையும் மறைந்துவிடுகிறது. என் பழைய பழத்துக்கு என்ன விலை, உன் புதிய பழத்துக்கு என்ன விலை என்பது இருவருக்கும் தெரியாது. அல்லது ஒருவருக்கு மட்டும் தெரியும். நடுவில் பணம் வந்து நின்றால் இரண்டும் தனித்தனியே வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன. எக்ஸ்சேஞ்ச் சலுகை செய்வது இதற்கு நேர்மாறானது. பணத்தால் பிரிந்திருந்த இரண்டு விலைகளையும் அது மீண்டும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. புதிய கேமராவின் அச்சிட்ட விலை 1,20,000 ரூபாய். கடையில் உங்கள் பழைய கேமராவுக்கு 14,000 மதிப்பிட்டு, 10,000 போனஸும் தருகிறார்கள். நீங்கள் கட்டுவது 96,000. இருபத்து நான்காயிரம் குறைந்துவிட்டதே என்று மனம் குளிர்கிறது. அதே கேமரா வேறொரு கடையில், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல், ரொக்கத்துக்கு 1,09,000-க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். உங்கள் பழைய கேமராவை ஒரு புகைப்படக்காரர் நேரடியாக 22,000-க்கு வாங்கிக்கொள்கிறார். கைக்காசு 87,000-இல் காரியம் முடிந்தது. போனஸ் என்ற சொல்லுக்கு நீங்கள் கொடுத்த விலை 9,000 ரூபாய். அச்சிட்ட விலையில் தொடங்கிக் கழித்தால் எல்லாச் சலுகையும் பெரிதாகத்தான் தெரியும். கழிக்கத் தொடங்க வேண்டிய இடம், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அந்தப் பொருள் சந்தையில் உண்மையாக விற்கும் விலை.

இதே கணக்கு தலைகீழாகவும் போகலாம். புதிதாக வெளிவந்த மாடல். எந்தக் கடையிலும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார்கள். உங்களிடம் இருப்பதோ வெளியே மூன்றாயிரத்துக்கு மேல் போகாத பழைய கேமரா. அதற்குக் கடையில் 2,000 மதிப்பும் 10,000 போனஸும் கிடைத்தால், தயங்காமல் கொடுத்துவிடலாம். வெளியே விற்று வாங்குவதைவிட 9,000 மிச்சம். ஆக, பழைய கேமரா எவ்வளவு மட்டமோ அவ்வளவுக்கு எக்ஸ்சேஞ்ச் நல்லது; எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நட்டம். நல்ல நிலையில் உள்ள கேமராவைத்தான் பலரும் பெருமையோடு கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள்.

வரியும் ஒன்று இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் செய்தால் குறைந்த தொகைக்குத்தானே ஜிஎஸ்டி என்று சிலர் எண்ணுகின்றனர். நம் நாட்டில் அப்படி இல்லை. 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 27-ஆம் விதி இதற்கென்றே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது: பழைய கைபேசியும் 20,000 ரூபாயும் பெற்றுக்கொண்டு விற்கப்படும் புதிய கைபேசி, மாற்று இல்லாமல் 24,000-க்கு விற்குமானால், வரிக்கான மதிப்பு 24,000-தான். கேமராவுக்கும் இதே விதிதான். பழையதைக் கொடுப்பதால் வரியில் ஒரு காசும் குறையப் போவதில்லை.

எந்த நிறுவனத்தின் கேமராவானாலும் ஏற்போம் என்று ஒரு நிறுவனம் சொல்வதற்கும் காரணம் உண்டு. போட்டி நிறுவனத்தின் பழைய பெட்டியால் அதற்கு என்ன பயன்? அதன் கண் உங்கள் லென்ஸ்கள் மீது இருக்கிறது. கேமராவின் பாடி நான்கைந்து ஆண்டுகளில் மதிப்பிழந்துவிடும். நல்ல லென்ஸ் பல ஆண்டுகள் நிற்கும். ஒருவர் எந்த நிறுவனத்தின் லென்ஸ்களைச் சேர்த்து வைத்திருக்கிறாரோ, அந்த நிறுவனத்திடமே திரும்பத் திரும்பப் போவார். அந்தக் கட்டை அவிழ்க்கத் தரப்படும் கூலிதான் போனஸ். பாடியைக் கொடுத்து வேறு நிறுவனத்துக்கு மாறிய இளைஞர் அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு லென்ஸ் வாங்கும்போது, கிடைத்த போனஸைப் போல் பன்மடங்கு கொடுத்துவிடுகிறார்.

ஒரே நிறுவனத்துக்குள் மாறினாலும் இந்தச் செலவு முற்றிலும் நீங்குவதில்லை. கேனானும் நிக்கானும் 2018-இல் மிரர்லெஸ் கேமராக்களுக்காகப் புதிய லென்ஸ் பூட்டு முறைகளைக் கொண்டு வந்தன. பழைய லென்ஸ்களைப் பொருத்த அடாப்டர் உண்டு. கேனானில் பழைய இஎஃப் லென்ஸ்கள் பெரும்பாலும் நன்றாகவே இயங்குகின்றன. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலோ, பாடியில் உள்ள மோட்டாரை நம்பி இயங்கிய பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குத் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது. மேடையில் நிக்காஹ் நடக்கும்போது கையால் குவியம் திருப்பிக்கொண்டிருக்க முடியுமா? எக்ஸ்சேஞ்சுக்கு முன் தம் பையில் உள்ள லென்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

படம் எடுத்துப் பிழைப்பவரின் கணக்கு சற்று வேறு. ஒரு திருமணத்துக்கு 2,500 படங்கள் எடுப்பவர் நாற்பது திருமணங்களில் ஒரு லட்சத்தைத் தொட்டுவிடுவார். நிக்கான் டி5600 போன்ற தொடக்கநிலை கேமராவின் ஷட்டருக்கு நிறுவனம் சோதித்துச் சொல்லும் அளவே அதுதான். கேனான் 5டி மார்க் 4-க்கு 1,50,000, நிக்கான் டி850-க்கு 2,00,000. இந்த எண்ணிக்கையை நெருங்கும் கேமராவை வெளியே விற்பது கடினம். வாங்குபவரைத் தேடுவதற்கும் பேரம் பேசுவதற்கும் அவருக்கு நேரமும் இல்லை. அவர் எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இங்கேதான் நம் ஈமானுக்குச் சோதனை. வெளியே விற்றால் வாங்குபவர் நோண்டி நோண்டிக் கேட்பார். கடையில் அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள். ஆகவே பழுதுள்ளதைக் கடையில் தள்ளிவிடலாம் என்று சிலர் வெளிப்படையாகவே பேசிக்கொள்கின்றனர். லென்ஸுக்குள் பூத்த பூஞ்சை, சென்சாரில் விழுந்த புள்ளிகள், ஒரு முறை கீழே விழுந்து சரிசெய்யப்பட்ட மவுண்ட் ஆகியவற்றை மறைத்துக் கொடுப்பவர் பெரிய நிறுவனம்தானே என்று ஆறுதல் தேடுகிறார். தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்டார்கள். ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவராக ஏற்க மறுத்தார்கள். வாங்குபவர் ஏழையா, பணக்கார நிறுவனமா என்ற வேறுபாடு அங்கே இல்லை. அந்தக் கேமரா பிறகு பழுதுபார்க்கப்பட்டு, நம்மைப் போன்ற வேறொரு இளைஞரின் கைக்குப் போகக்கூடும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

போனஸுக்காகவே பழைய சந்தையில் ஒரு கேமராவை மலிவாக வாங்கிக் கடையில் கொடுக்கும் தந்திரமும் உண்டு. சலுகையின் நிபந்தனை, இயங்கும் நிலையில் உள்ள எந்தக் கேமராவும் என்று மட்டும் சொன்னால் இதில் தவறில்லை. வாடிக்கையாளரே பயன்படுத்திய கேமராவாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால், அங்கே போடும் கையெழுத்து பொய்க் கையெழுத்து. ஒப்புக்கொண்ட நிபந்தனைக்குக் கட்டுப்படுவது மார்க்கத்தில் கடமை.

எக்ஸ்சேஞ்சை அடுத்து விற்பனையாளர் நீட்டும் இரண்டாவது தாள், ‘வட்டியில்லாத் தவணை’. பெயரில் ஏமாற வேண்டாம். கிரெடிட் கார்டு வழியாக வரும் இத்தகைய திட்டங்களில் வங்கி வட்டியைக் கணக்கிட்டே வசூலிக்கிறது. அதற்கு ஈடான தொகையை விலையில் முன்கூட்டியே தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். அந்த வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் உங்கள் கணக்கில் ஏறுவது மாதாந்திர ரசீதிலேயே தெரியும். பழையதும் போய், போனஸும் வந்து, மிச்சத் தொகைக்கு வட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வீடு திரும்புவதைவிட, பழைய கேமராவோடு இன்னும் ஓராண்டு ஓட்டுவது மேல்.

ஆண்டுக்கு இரண்டு பெருநாளும் ஓர் உல்லாசப் பயணமும் மட்டுமே கேமரா பார்க்கும் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியது குறைவு. பழையது படம் எடுக்கிறதா? எடுக்கிறது என்றால் சலுகை உங்களுக்கானதன்று.

எந்த வழியில் கொடுத்தாலும், கடைசியாக மெமரி கார்டு. நம்மில் பலர் படங்களை அழித்துவிட்டு, அல்லது கேமராவிலேயே ஒரு முறை ஃபார்மட் செய்துவிட்டு, கார்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுகின்றனர். அவ்வாறு அழித்தால் பெரும்பாலும் பட்டியல்தான் அழியும். படங்கள் உள்ளேயே இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டே அவற்றை மீட்டுவிடலாம். பெண்கள் பகுதியில் எடுத்த படங்களை வேறு யாருக்கும் காட்டமாட்டோம் என்று வாக்களித்துத்தான் திருமண வீடுகளுக்குள் நுழைகிறோம். அந்த அமானத்தைச் சில நூறு ரூபாய் பெறும் கார்டோடு கடை மேசையில் வைத்துவிட்டு வருவது எவ்வளவு பெரிய காரியம்! கார்டைக் கொடுக்காதீர்கள்; வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது உடைத்துவிடுங்கள். சில கேமராக்களில் உள்நினைவகமும் உண்டு, அதையும் பாருங்கள். அமைப்புகளில் பதிந்துள்ள உங்கள் பெயர், வைஃபை கடவுச்சொல், கைபேசி இணைப்பு ஆகியவற்றையும் நீக்கி, கேமராவை ஆலையிலிருந்து வந்த நிலைக்கு மாற்றிய பிறகே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.