மூன்றாண்டுச் சிறகு!

சேலத்தை அடுத்த காமலாபுரத்தில் ஓர் ஓடுதளம் இருக்கிறது. 1993-இல் திறந்தனர். விமானம் வந்து இறங்கிய ஆண்டுகளைக் காட்டிலும், வானத்தை அண்ணாந்து பார்த்தபடி அது காத்துக் கிடந்த ஆண்டுகளே மிகுதி!

2009-இல் ஒரு பறவை வந்தது. பெயர் கிங்பிஷர் — மீன்கொத்தி! குளத்தில் மீன் உள்ளவரையில்தான் குளத்தின்மீது மீன்கொத்திக்குக் காதல். சில ஆண்டுகளில் அது சேலத்தை விட்டது. 2012-இல் வானத்தையே விட்டது. அரசு வங்கிகளில் வாங்கிய ஆயிரக்கணக்கான கோடிக் கடனை இங்கேயே விட்டுவிட்டு, அதன் உரிமையாளர் விஜய் மல்லையா 2016-இல் நாட்டையே விட்டார்!

2018 மார்ச்சில் மற்றொரு பறவை வந்தது. ட்ரூஜெட் என்பது அதன் பெயர். ஐதராபாத்தில் 2015-இல் பிறந்த நிறுவனம். எழுபது பேர் அமரும் சிறு விமானங்களைக் கொண்டு கடப்பா, நாந்தேடு, மைசூர், வித்யாநகர் எனப் பெரிய நிறுவனங்கள் திரும்பியும் பாராத ஊர்களுக்குப் பறந்தது. சேலத்திலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். வெள்ளிப் பட்டறைக்காரரும், ஜவ்வரிசி ஆலைக்காரரும், மருத்துவத்துக்காகத் தலைநகர் ஓடும் முதியவரும் மகிழ்ந்தனர். மகிழ்ந்ததில் தவறும் இல்லை. 2021-இல் மூன்றாண்டுக் காலம் முடிந்தது. பறவை சேலத்தை விட்டுப் போயிற்று. 2022 பிப்ரவரியில் அந்த நிறுவனமே சிறகை மடக்கிக்கொண்டது.

மூன்றாண்டு! தோழர்களே, அந்தச் சொல்லை மனத்தில் நிறுத்துங்கள். இந்தக் கதையின் சூட்சுமம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

2016 அக்டோபரில் டில்லி அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. பெயர் உடான். 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவில் அதன் முதல் விமானத்தைக் கொடியசைத்து அனுப்பிய பிரதமர், இரப்பர்ச் செருப்பு அணிந்தவனும் விமானத்தில் ஏறவேண்டும் என்றார். கேட்கக் காது குளிர்ந்தது! ஆனால் திட்டத்தின் விதிகளைப் படித்தவர்க்கோ கண் சிவந்தது.

விதி யாது? சிற்றூர் வழித்தடத்தில் பறக்க முன்வரும் நிறுவனம், விமானத்தின் இருக்கைகளில் பாதியை — நாற்பதுக்கு மிகாமல் — ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் என்ற வரம்புக் கட்டணத்தில் விற்கவேண்டும். மீதி இருக்கைகளுக்குச் சந்தை விலை. அதனால் விழும் பள்ளத்தை நிரப்ப மானியம் உண்டு. போட்டிக்கு எவரும் வாராமல் அந்த வழித்தடத்தில் தனியுரிமையும் உண்டு. எத்தனை காலத்துக்கு? மூன்றாண்டுக்கு. அதன்பின்? பறக்கலாம், பறக்காமலும் போகலாம். கேட்பதற்கு விதி இல்லை!

மானியப் பணம் எங்கிருந்து வருகிறது? பெருநகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்கள்மீது தீர்வை விதித்து எடுக்கின்றனர். அது பயணியின் சீட்டிலே வந்து விடிகிறது. எஞ்சியதில் மாநிலத்தின் பங்கும் உண்டு. மானியத்தில் ஐந்தில் ஒரு பங்கை மாநிலம் கொடுக்கவேண்டும். விமான எரிபொருள்மீதான விற்பனை வரியை நூற்றுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளவேண்டும். நிலம் வேண்டுமென்றால் இலவசமாகக் கொடுக்கவேண்டும். காவலும் தீயணைப்பும் கட்டணமின்றித் தரவேண்டும். இத்தனையும் தரும் மாநிலத்துக்கு, எந்த நிறுவனம் பறப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம் உண்டா? அரசியல் சட்டத்தின் ஒன்றிய அதிகாரப் பட்டியலில், 29-ஆம் இனமாக, வானமும் விமான நிலையமும் டில்லிக்கென்று எழுதப்பட்டுள்ளன. நிலம் நம்முடையது, வானம் அவர்களுடையது! படியளப்பது இங்கே, பட்டியல் போடுவது அங்கே!

அவர்கள் போட்ட பட்டியலின் இலட்சணத்தைப் பாருங்கள். 2017-இல் முதல் சுற்றில் ஐந்து நிறுவனங்களுக்கு 128 வழித்தடங்களை வழங்கினர். அவற்றுள் ஏர் ஒடிசாவுக்கு மட்டும் 50. ஏர் டெக்கானுக்கு 34. பதினெட்டு, பத்தொன்பது பேர் ஏறும் சின்னஞ்சிறு விமானங்களை விரல்விட்டு எண்ணுமளவுக்கு வைத்திருந்தவர்களிடம், நாட்டின் சிற்றூர்களில் பெரும்பகுதியை ஒப்படைத்தனர். பல வழித்தடங்கள் தாளிலேயே பறந்தன. நெய்வேலியும் அந்தப் பட்டியலில் இருந்தது. நாட்டுக்கே மின்சாரம் வழங்கும் அந்த ஊரின் ஓடுதளத்திலிருந்து, உரிமை பெற்ற நிறுவனம் ஒருநாளும் பறக்கவில்லை.

இது எதிர்க்கட்சிக்காரனின் வசை என்பார்கள். டில்லியின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-இல் தந்த அறிக்கையே சாட்சி சொல்லட்டும். முதல் மூன்று சுற்றுகளில் வழங்கிய வழித்தடங்கள் 774. பறக்கத் தொடங்கவே இல்லாதவை 403. தொடங்கிய 371-இல் மூன்றாண்டை முழுமையாக முடித்தவை 112. மானியக் காலம் கடந்தபின்னும் 2023 மார்ச் வரை பறந்தவை எத்தனை தெரியுமா? 54! நூற்றுக்கு ஏழு! நூறு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, ஏழு பேர் தேறினால் அந்தத் தலைமையாசிரியருக்கு மாலையா போடுவோம்?

இதை ஒரு சிறு காட்சியாகவே காணலாமே. ஓமலூர்ப் பக்கத்து வரப்பில் ஓர் உழவர் நிற்கிறார். கையில் வரைபடத்தோடு நிறுவனத்தார் ஒருவர் வருகிறார்.

"பெரியவரே, ஓடுதளத்தை நீட்டவேண்டும். உங்கள் நிலம் தேவைப்படுகிறது."

"எத்தனை காலத்துக்குத் தம்பி?"

"நிலமா? என்றைக்கும்தான்."

"நான் கேட்டது உங்கள் விமானத்தைத் தம்பி. அது எத்தனை காலத்துக்கு வரும்?"

வந்தவர் வரைபடத்தைச் சுருட்டுகிறார். "மூன்றாண்டுக்கு உறுதி ஐயா. அதன்பின் கணக்குப் பார்த்துத்தான்…"

காட்சி கற்பனை, கவலை கற்பனையன்று. 2018-இல் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி மக்கள் நிலம் போகுமே என்று தெருவுக்கு வந்தது நாடறிந்த செய்தி. நிலத்தை நிரந்தரமாகக் கேட்பவர்கள், விமானத்தைத் தவணையில் தருகிறார்கள் என்பதே அந்த மக்களின் வழக்கு.

சிலர் நம்மிடம் 'சூரரைப் போற்று' படத்தைக் காட்டி வாதிடுவர். தனி ஒருவனின் துணிவன்றோ எளியவனை விமானத்தில் ஏற்றியது என்பர். ஏர் டெக்கான் நிறுவனர் கேப்டன் கோபிநாத் 2003-இல் பெங்களூரிலிருந்து குறைந்த கட்டண விமானத்தைத் தொடங்கியதில் துணிவு உண்டு. அதை மறுக்க நாம் யார்? ஆனால் படம் முடியும் இடத்தில் வரலாறு முடியவில்லையே! நட்டம் நெரித்தது. 2007-இல் மல்லையா உள்ளே நுழைந்தார். 2008-இல் அந்த நிறுவனம் கிங்பிஷரோடு கரைந்தது; டெக்கான் என்ற பெயரும் அழிந்தது. எளியவனின் விமானத்தை விழுங்கிய மீன்கொத்தி, நான்கே ஆண்டுகளில் தானும் விழுந்தது. துணிவுள்ள தனி மனிதனாலும் காக்க முடியாமற் போனது எதனால்? விமானத்துக்கு வாடகை டாலரில்; வருமானம் ரூபாயில். செலவில் பெரும்பங்கை எரிபொருள் தின்னும். இலாபம் தரும் பெருநகர வழித்தடங்களோ பெரிய நிறுவனங்களின் பிடியில். சிறு நிறுவனம் நட்டத்தை எங்கே போய் ஈடுகட்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தமிழ்நாட்டுக்குத் தெரியும். விடை வானத்தில் இல்லை. நம் சாலையில் ஓடுகிறது! இலாபமுள்ள தடத்தில் தனியார் பேருந்து பறந்ததும், மலையூரும் குக்கிராமமும் கால்நடையாய் நடந்ததும் ஒரு காலம். பேருந்துகளை நாட்டுடைமையாக்கி, 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் எனப் போக்குவரத்துக் கழகங்களைக் கண்டது தமிழக அரசு. சென்னைத் தடத்தின் வருவாய் மலையூரின் நட்டத்தைச் சுமந்தது. நட்டம் வருகிறதென்று மூன்றாண்டில் எந்த ஊரின் பேருந்தையும் மூட்டைகட்டி அனுப்பவில்லை. அந்த அடித்தளத்தின்மீது நின்றுதான் 2021-இல் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்க முடிந்தது. பேருந்து மக்களுடையது என்பதால் அல்லவா அது இயன்றது?

வானத்திலும் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. 1953-இல் எட்டு உள்நாட்டு விமான நிறுவனங்களை ஒன்றாக்கி, பொதுத்துறையில் இந்தியன் ஏர்லைன்ஸ் அமைத்தனர். குறைகள் அதில் இருந்தன, மறைக்கவேண்டியதில்லை. குறையைக் களைவதற்கு மாறாக, ஏர் இந்தியாவையே 2022 ஜனவரியில் டாட்டாவிடம் ஒப்படைத்தனர். அந்த விற்பனையில் சேராமல் அரசின் கையில் எஞ்சிய சிறு நிறுவனம் அலையன்ஸ் ஏர். சிம்லாவில் பிரதமர் கொடியசைத்த முதல் உடான் விமானம் யாருடையது? அந்த அலையன்ஸ் ஏருடையதே! தொடக்க விழாவுக்குப் பொதுத்துறை, துதிபாடுவதற்குத் தனியார்துறையா?

நாம் விமானத்துக்கு எதிரியல்லர். சேலத்துக்கு வேண்டும், நெய்வேலிக்கு வேண்டும், வேலூருக்கும் வேண்டும். தனியார் பறப்பதையும் தடுக்கச் சொல்லவில்லை. நாம் கேட்பவை நான்கே. மானியம் வாங்கிப் பறந்த நிறுவனம், மானியம் நின்றபின்னும் குறித்த காலம் பறக்கவேண்டும். தவறினால் வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும். செலவில் பங்கேற்கும் மாநிலம், தேர்விலும் பங்கேற்கவேண்டும். எவரும் பறக்க முன்வராத ஊருக்குப் பறப்பதே அலையன்ஸ் ஏரின் கடமை என்று சட்டமாக்கி, அதற்குரிய விமானமும் நிதியும் தரவேண்டும். நீண்டகாலச் சேவைக்கு உறுதி எழுதாமல் உழவர் நிலத்தில் ஓர் அங்குலமும் தொடலாகாது.

2023 அக்டோபரில் சேலத்துக்கு மீண்டும் விமானம் வந்தது. வரவேற்றோம். வரவேற்ற கையோடு நாட்காட்டியையும் பார்த்துக்கொண்டோம். தோழர்களே, தெருமுனைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி உங்கள் கைக்கு வரும்போது, திறப்புவிழாக் கல்வெட்டைப் பற்றிப் பேசாதீர்கள்; ஒப்பந்தத்தின் கடைசித் தேதியைப் பற்றிப் பேசுங்கள். வருகிற விமானத்துக்கு மாலை போடும் ஊர், அது போகிற நாளைக் கேட்கவும் கற்றுக்கொள்ளட்டும். கேட்காத ஊரின் ஓடுதளத்தில் புல்தான் முளைக்கும்!